நீ கூப்பிட்ட பார்ட்டி

பெரும்பாக்கம்,
22.06.2025, ஞாயிறு

மஹதி,

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மாம்பழ வடிவக் காந்தத்தின் கீழே ஒரு காகிதம் இருந்தது. பார்ட்டி அன்றைக்கு உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். உன் கையெழுத்தில் எட்டுப் பெயர்கள். உன் புது ஃப்ரெண்ட் ஷ்ரேயா முதலில். கடைசிப் பெயருக்குக் கீழே உன் அம்மா கோடு போட்டு 'மொத்தம் எட்டு' என்று எழுதியிருந்தார். என் பெயர் இல்லை.

அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைப் படித்தால் நீ சிரிப்பாய். எங்கள் பக்கம் ஒரு விசேஷம் என்றால் பத்திரிகை வைப்பது வெளியாட்களுக்குத்தான். சொந்தக்காரர்கள் பெயரை யாரும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் காலையிலேயே வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். மறந்துபோய்ப் பத்திரிகை கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். 'எனக்கே பத்திரிகையா? நான் இன்னா மூணாவது மன்ஷியா?' என்று கேட்பார்கள். பட்டியலில் என் பெயர் இல்லாததற்கு நான் அப்படித்தான் அர்த்தம் செய்துகொண்டேன். நீ ஐந்து மணி என்று சொல்லியும் நாலு மணிக்கே வந்ததும் அதனால்தான்.

உன் அம்மா கேக் வாங்கப் போயிருந்தார். நாம் இரண்டு பேரும் பலூன் ஊதினோம். உனக்கு முடிச்சுப் போட வரவில்லை. எல்லாவற்றையும் நான்தான் முடிந்தேன். கன்னம் வலிக்கிறது என்று நீ தரையில் மல்லாந்து படுத்துவிட்டாய். அந்த ஒரு மணி நேரத்தில் பொய் எதுவும் இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

போனில் உன்னை பிளாக் செய்தது நான்தான். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே செய்தேன். ஒரு வாரம் கழித்து பிளாக்கை எடுத்தபோது நீ நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், அங்கே போன் கூடாது என்று தெரிந்தது. உன் இன்ஸ்டா பக்கத்தில் ஷ்ரேயாவைத் தேடிப் பிடித்து முகவரி கேட்டேன். அவளுக்கு ஒரு வரி மெசேஜ் அனுப்புவதற்கு மூன்று நாள் யோசித்தேன்.

அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

கேக் வெட்டியதும் எல்லோரும் டேபிளில் உட்கார்ந்தோம். நான் ஒன்பதாவது ஆள். பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை நீதான் எனக்காகத் தூக்கி வந்தாய். உன் அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சமையலறையிலிருந்து ஒருத்தி வந்து கேக் தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். என் அம்மா.

கீழ்வீட்டு விசாலாக்ஷி மாமியிடம் அம்மா ஒன்பது வருடமாகக் காலை வேலை செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவ மாமி அவளை மாடிக்கு அனுப்பியது எனக்குத் தெரியாது. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், வர நேரமாகும் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். உங்கள் வீட்டு டேபிளில் உட்காரப் போகிறேன் என்றால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷ்ரேயாவின் தட்டை எடுத்தாள், பக்கத்துத் தட்டை எடுத்தாள், என்னிடம் வந்தாள். 'முட்ச்சிட்டியாமா?' என்று கேட்டாள். யாரோ ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோல. நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் என்னைத் தெரியாததுபோல் இருந்திருக்கிறாள். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த நிமிஷத்தில் தாங்க முடியவில்லை. 'அம்மா, குடு' என்று எழுந்து அவள் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டேன்.

உன் அம்மா வந்து, 'என்ன சொர்ணம், பொண்ணையும் கூட்டிண்டு வந்துட்டியா?' என்று கேட்டார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். 'ஆமாம்மா, ஒத்தாசைக்கு இட்டாந்தேன்' என்றாள். யாரும் கூப்பிடாமல் நானாக வந்துவிட்டேன் என்று நினைத்து, என் மானத்தைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாள்.

நீ இரண்டடி தூரத்தில் நின்றாய். உன் கையில் கேக் வெட்டின கத்தி. 'நான்தான்மா கூப்பிட்டேன்' என்று சொல்வாய் என்று உன்னையே பார்த்தேன். நீ கத்தியில் ஒட்டியிருந்த க்ரீமை நக்கினாய்.

ஜூன் இரண்டாம் தேதி காலையில் அம்மா மாமி வீட்டுக்குப் போனாள். மாமி கதவைப் பாதிதான் திறந்தாராம். 'சொல்லாம கொள்ளாம பொண்ணைக் கூட்டிண்டு போயிருக்கே. அது குழந்தைகளோட சமமா டேபிள்ல உக்காந்துடுத்தாமே. மாடியாத்துல ரொம்ப வருத்தப்பட்டா. இனிமே நீ வர வேண்டாம் சொர்ணம்' என்றாராம். அம்மா திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். 'கூப்பிடாத வூட்டுக்கு சோத்துக்குப் போனியாடி?' நீ கூப்பிட்டாய் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. 'கூப்ட்ட பொண்ணு அங்கியே நின்னுக்கினு வாயத் தொறக்காம இருக்குமா?' என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

மே மாதம் பாண்டி பஜாரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சாட்டர்டே என் பர்த்டே பார்ட்டி, நீ வரே' என்று நீ சொன்னாய். அதை உன் அம்மாவிடம் சொல். 'நான்தான் அவளைக் கூப்பிட்டேன்' என்று மட்டும் சொன்னால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்புக்கரசி


நாமக்கல்,
06.07.2025

அன்பு,

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். 'யார் இந்தப் பொண்ணு? வீட்டில் ஏதாவது பிரச்சினையா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இனிமேல் எழுதினால் கொஞ்சம் யோசித்து எழுது.

இங்கே காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு டெஸ்ட். இந்த இரண்டு வருஷத்தில் மெடிக்கல் சீட் வாங்காவிட்டால் நான் மனுஷியே இல்லை என்பதுபோல் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் எங்களுடையது. அதில் இதை எழுதுகிறேன்.

நீ பார்த்ததை எழுதினாய். நான் பார்த்ததை எழுதட்டுமா? என் பிறந்தநாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று நீ எழுந்து தட்டுகளை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாய். யாரும் உன்னை அனுப்பவில்லை. நீயேதான் போனாய். ஷ்ரேயா என் காதில், 'ஏய், இவ ஃப்ரெண்டா, மெய்டா?' என்று கேட்டாள். கையில் எச்சில் தட்டோடு நிற்கிறவளைக் காட்டி நான் என்ன பதில் சொல்வது? நீ உட்கார்ந்திருந்தால் ஃப்ரெண்ட் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா வேலை செய்கிறார் என்றால் நீ ஏன் எழுந்திருக்க வேண்டும்? அது அவர் வேலை. என் அப்பா ஆபீஸில் வேலை செய்யும்போது நான் போய் ஃபைல் தூக்குகிறேனா?

இரண்டு தடவை சமையலறை வாசல் வரைக்கும் வந்தேன். நீ குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். திரும்பவே இல்லை. அதற்கப்புறம் எனக்கு அந்தச் சாயங்காலமே பிடிக்கவில்லை. மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள், நான் ஆடவில்லை. ரிட்டர்ன் கிஃப்ட் மெழுகுவர்த்தி பட்டியலில் இருந்தவர்களுக்கு எட்டு, எனக்கு ஒன்று என்றுதான் வாங்கியிருந்தோம். எனக்கென்று வைத்திருந்ததை உனக்காக எடுத்து வைத்தேன். நீ சொல்லாமல் போய்விட்டாய். பிறகு போன் செய்தால் பிளாக்.

பார்ட்டி என்றால் நாலு பேர் சேர்ந்து ஜாலியாக இருப்பது. அவ்வளவுதான் அன்பு. யார் முதலில் வந்தார்கள், யார் பெயர் எழுதினார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கல்யாண வீடு மாதிரி ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அதில் எதுவும் இல்லை.

விசாலாக்ஷி மாமி அப்படிச் செய்தது எனக்குத் தெரியாது. என் அம்மா யாரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்கிறவள் இல்லை. அடுத்த ஞாயிறு எனக்கு போன் முறை வருகிறது. பத்து நிமிஷம் தருவார்கள், பின்னால் பதினைந்து பேர் நிற்பார்கள். பேசிப் பார்க்கிறேன்.

மஹதி


பெரும்பாக்கம்,
13.07.2025

மஹதி,

வார்டன் அம்மாவுக்கு வணக்கம். நான் மஹதியோடு எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவள். இலவச இடத்தில் சேர்ந்தேன். அந்த இடம் எட்டாவதோடு முடிந்துவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் ஒன்பதாவது போனாள், கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்ததால் நாங்கள் பெரும்பாக்கம் வந்தோம். இங்கிருந்து ஒன்பதாவது பாதி வரை போனேன். இப்போது தி.நகரில் ஒரு தையல் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். எங்கள் வீட்டில் பிரச்சினை இருக்கிறது. மஹதி வீட்டில் இல்லை.

மஹதி, பார்ட்டி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். உண்மையில் அந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் பிளாக்கில் பார்ட்டி என்றால் ஆண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிப்பது. செம்பியன் மாமா 'இன்னிக்கு பார்ட்டி' என்று சொன்னால் அத்தை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். கடையில் வேறு மாதிரி. சனிக்கிழமை சீக்கிரம் போக வேண்டும் என்று கமர் ஜஹான் அக்காவிடம் கேட்டேன்.

'இன்னாத்துக்கு?'

'பார்ட்டிக்கா.'

'எந்த பார்ட்டி? பட்டுப் பொடவைய குட்த்துட்டு மூணு மாசமா வராத பார்ட்டியா?'

'இல்லக்கா. பர்த்டே பார்ட்டி. மைலாப்பூர்ல.'

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். 'அடியே! வாயில இருந்து நாலு வார்த்தை வராது, உன்ன பார்ட்டிக்குக் கூப்ட்றாங்களா? போ, போ. பூ வெச்சிக்கினு போயிடாத, பார்ட்டில வெக்க மாட்டாங்கோ' என்றார். சுடிதார் கை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று அவரே பிடித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை, 'எப்டி இருந்துச்சு பார்ட்டி?' என்று கேட்டார். 'நல்லா இருந்துச்சுக்கா' என்றேன்.

ஏழாவதில் இங்கிலீஷ் மிஸ் சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் போட்டது நினைவிருக்கிறதா? நோட்டு என்னிடம் இருக்கிறது. வீட்டை இடித்தபோது நான் எடுத்து வந்ததில் அதுவும் ஒன்று. பார்ட்டி: அழைக்கப்பட்ட விருந்தினர் கூடி மகிழும் நிகழ்ச்சி. நீயும் அதைத்தான் எழுதினாய், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. ஜாலியாக இருப்பது என்று மட்டும் மிஸ் சொல்லவில்லை. அழைக்கப்பட்டவர்கள் என்று சொன்னார். ஜாலி எனக்கு வேண்டாம். அழைக்கப்பட்டவள் என்று நீ சொன்னால் போதும்.

உன் அப்பா ஆபீஸில் நீ போய் ஃபைல் தூக்குகிறாயா என்று கேட்டாய். உன் அப்பா வந்து உன் எச்சில் தட்டை எடுத்துப்போக, நீ யாரோ மாதிரி உட்கார்ந்திருப்பாயா? இருந்து காட்டு, நானும் கற்றுக்கொள்கிறேன்.

அம்மா இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு ஆபீஸில் பாத்ரூம் கழுவுகிறாள். மாமி வீட்டில் ஒன்பது வருஷம் சொர்ணம் என்று கூப்பிட்டார்கள். காலையில் முதல் காபி அவளுக்குத்தான் என்று பெருமையாகச் சொல்வாள். இங்கே அவளை 'ஹவுஸ்கீப்பிங்' என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் அது தன்னைத்தான் என்று தெரியாமல் திரும்பாமலே போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது.

இன்றைக்கு உன் போன் முறை என்று எழுதியிருந்தாய். நான் இதை எழுதும்போது நீ பேசிக்கொண்டிருக்கலாம். பத்து நிமிஷம் வேண்டாம். 'நான்தான் கூப்பிட்டேன்' என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு நொடிதான் ஆகிறது.

அன்புக்கரசி


27.07.2025

அன்பு,

இந்தக் கடிதம் வார்டன் கைக்குப் போகாமல் வருகிறது. மெஸ்ஸில் சமைக்கும் சரோஜாதேவி அக்கா வெளியே போய்த் தபாலில் போடுவதாகச் சொன்னார். அதனால் எழுத முடிகிறது. படித்துவிட்டு யாரிடமும் காட்டாதே. ப்ளீஸ்.

பதின்மூன்றாம் தேதி பேசினேன். உன் பெயரை எடுத்தேன். அம்மா உடனே, 'அதை ஏண்டி இப்போ கேக்கறே? பாவம் சொர்ணம், நான் அவளை நிறுத்தச் சொல்லலை. மாமிகிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அவர் அவ்வளவு தூரம் போயிட்டார்' என்றாள். பிறகு, 'நீ அந்தப் பொண்ணைக் கூப்பிட்டியா என்ன?' என்று கேட்டாள்.

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

திட்டு. நீ திட்ட வேண்டும். ஞாபகம் இருந்தது. பாண்டி பஜாரில் அம்மா கடைக்குள் பில் போட்டுக்கொண்டிருந்தாள், நான் வெளியே நின்றேன். நீ கை நிறையப் புடவைப் பையோடு வந்தாய். இரண்டு வருஷம் கழித்து உன்னைப் பார்க்கிறேன். அழுகை மாதிரி வந்தது. 'நீ வரே, வரலைன்னா பேசவே மாட்டேன்' என்று சொன்னேன். சொல்லும்போது நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் நான் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன் அன்பு. எங்கள் கிளாஸில் எல்லோருமே அப்படித்தான். வா வா என்போம். யார் உண்மையில் வரவேண்டும் என்பது கேட்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. பெயர்களை எழுதும்போது அம்மா, 'வேற யாராவது இருக்காளா?' என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் எட்டு என்று எழுதினாள்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது நீ நின்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் பலூன் ஊதும்போது அதெல்லாம் மறந்துவிட்டது. அது நிஜம்.

இப்போது அம்மாவிடம் சொன்னால், முதலில் ஏன் இல்லை என்றாய் என்று கேட்பாள். பிறகு ஏன் ஞாபகம் இல்லை என்றாய் என்று கேட்பாள். பிறகு அழுவாள். அவள் அழுதால் பத்து நிமிஷமும் அதிலேயே போய்விடும், பின்னால் நிற்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எனக்குக் கிடைப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். அதை இதற்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. இது எவ்வளவு அற்பமான காரணம் என்று எழுதும்போது எனக்கே தெரிகிறது. ஆனாலும் முடியவில்லை.

பூஜை லீவில் ஐந்து நாள் வீட்டுக்கு வருவேன். பெசன்ட் நகர் பீச்சில் பார்க்கலாமா? நாம் இரண்டு பேர் மட்டும். சின்ன கெட்-டுகெதர். நான் உனக்கு மெழுகுவர்த்தி கொண்டு வருகிறேன். இந்தத் தடவை நிஜமாகத்தான் கூப்பிடுகிறேன்.

மஹதி


பெரும்பாக்கம்,
10.08.2025

மஹதி,

இந்தக் கடிதத்தை வார்டன் படித்தாலும் பரவாயில்லை.

உன் கடிதம் போன தடவை மாதிரி கடை முகவரிக்கு வராமல் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் அம்மா கையில் கொடுத்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'மைலாப்பூர் பொண்ணா?' என்று கேட்டாள். இரண்டு மாதம் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு. ஆமாம் என்றேன். 'படி' என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

யாரிடமும் காட்டாதே என்று நீ முதலிலேயே எழுதியிருந்தாய். அதையும் சேர்த்துப் படித்தேன். பாண்டி பஜார் வந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை' என்ற இடத்தில் நின்றேன். அதைப் படிக்காமல் தாண்டிவிடலாம், அவளுக்குத் தெரியாது. நான் மறைக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டால் அவள் மறுபடி என்னை நம்ப மாட்டாள் என்று அதையும் படித்தேன்.

அம்மா கடைசி வரை கேட்டாள். பிறகு, 'கூப்ட்டுட்டு, இவ இன்னாத்துக்கு வரப்போறான்னு நெனச்சிக்கினாளா? நல்லா கீது இவங்க கூப்பிட்றது' என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிறகு கேட்டாள்:

'அன்னிக்கி துன்னியா நீ?'

'கேக் மட்டும்மா. ஒரு வாய்.'

'அந்தத் தட்டுல மீதி வெச்சிருந்தியே, அது உன்னுதா? நான் கொட்டிட்டேன்' என்றாள். அவ்வளவுதான். எழுந்து சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நேற்று சனிக்கிழமை. கமர் ஜஹான் அக்காவிடம் அரை நாள் லீவு கேட்டேன். 'மறுபடி பார்ட்டியா?' என்றார். இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சரி, போ' என்றார். மாம்பலத்திலிருந்து நடந்தே போனேன். பஸ் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போக நடைதான் வசதியாக இருந்தது.

முதலில் விசாலாக்ஷி மாமி வீடு. மாமியே கதவைத் திறந்தார். உள்ளே வேறு ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். 'எங்கம்மா என்னைக் கூட்டிட்டு வரல மாமி. மஹதி கூப்பிட்டு நானா வந்தேன்' என்றேன். முழு வாக்கியத்தையும் தடுமாறாமல் சொன்னேன். மாமி என்னையே பார்த்தார். 'அப்படியா? எனக்கு என்னம்மா தெரியும், மாடியாத்துல சொன்னதைக் கேட்டுண்டேன். சொர்ணம் மாதிரி வருமா? ஆனா இப்ப இவளை வெச்சாச்சே' என்றார். தரை துடைத்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் வேலையைப் பிடுங்க வந்தவள் என்று என்னை நினைத்திருப்பாள். நான் வேலை கேட்கவில்லை மாமி என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

உன் அம்மா திறந்தார். 'யாரு, சொர்ணம் பொண்ணா? கீழ வந்தியா?' என்றார். கீழே சொன்னதையே மறுபடி சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். வரவில்லை. அவர் சிரித்தார். நல்ல மாதிரிதான் சிரித்தார்.

'மஹதியை நான் கேட்டேனேம்மா. அவளுக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமே இல்லையே. நீ எதையோ தப்பாப் புரிஞ்சுண்டிருக்கே. பரவாயில்லை, சின்னப் பொண்ணு. ஒரு பார்ட்டிக்குப் போய் இத்தனை நாள் மனசுல வெச்சுக்கலாமா? உள்ளே வா, காபி கலக்கறேன்.'

உன் அம்மா கெட்டவர் இல்லை மஹதி. காபி என்று சொன்னது மனசாரச் சொன்னதுதான். நான் உள்ளே போயிருந்தால் கொடுத்திருப்பார். குடித்துவிட்டு இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் அம்மா கூப்பிடாத இடத்துக்குப் பெண்ணை அழைத்து வந்தவளாகவே இருந்திருப்பாள்.

பூஜை லீவில் நான் பெசன்ட் நகர் வரமாட்டேன். நிஜமாகக் கூப்பிடுவதும் சும்மா கூப்பிடுவதும் கேட்கிறவர்களுக்கே தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது. இனிமேல் கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. யாராவது வா என்றால் நான் போய்விடுகிற ஆள்.

அடுத்த போன் முறையில் உன் அம்மா உன்னைக் கேட்பார். அது உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கே இதைத் தபாலில் போடுகிறேன்.

'காபி வேண்டாம் ஆன்ட்டி' என்றேன். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன். பிறகு கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அன்புக்கரசி